பாரைக்குச் சின்ன ர

குழி வெட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எனக்கு நின்று பேச வராது. தொடக்கநிலை நான்கோடு பள்ளியை விட்டவன். அதனால் எழுதித் தருகிறேன். நான் சொல்ல வந்ததற்குப் பேச்சைவிட எழுத்துதான் சரி. ஏன் என்று படித்தால் தெரியும்.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். முப்பத்தோரு வருடம் மண்ணுக்கடியில் மின்கேபிள் போடும் வேலை பார்த்தேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், பக்கச் சுவர் சரியாமல் எப்படிப் பலகை கொடுப்பது, இதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிவிடுவார்கள். நான் ஒரு சொல்லைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பாரை. உங்களில் பாதிப் பேர் கடப்பாரை என்பீர்கள். தோள் உயர இரும்பு. ஒரு முனை கூர். இன்னொரு முனை தட்டை. இறுகிப்போன மண்ணைக் குத்திப் பெயர்க்க அதைப்போல எதுவும் கிடையாது. கேபிள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதைப்போல ஆபத்தும் எதுவும் கிடையாது. சாலையின் மேல்தாரையும் கல்லையும் உடைக்கிற வரைக்கும் பாரை. அதற்குக் கீழே சங்கூல் மட்டும்தான், அதாவது மண்வெட்டி. கூர் உள்ள எதுவும் குழிக்குள் இறங்கக் கூடாது. இது அன்றும் சட்டம், இன்றும் சட்டம்.

இனி ஜெபராஜ்.

அவன் நாகர்கோவிலுக்கும் அப்பால், கேரள எல்லையை ஒட்டிய ஊர்க்காரன். முப்பத்திரண்டு வயது. ஊரில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். என் கேங்கில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நல்ல வேலைக்காரன். பேச்சுதான் வேறு மாதிரி. நமக்கு ர, ற இரண்டும் வாயில் ஒன்றுதான். அவனுக்கு அப்படி இல்லை. பெரிய ற வந்தால் நாக்கு நுனியில் ஒரு அழுத்தம் கொடுத்து உருட்டுவான்.

அதைக் கிண்டல் செய்யச் சேகருக்கு அலுக்கவே அலுக்காது. சேகர் மன்னார்குடிக்காரன், கேங்கில் பழைய ஆள். சாப்பாட்டு நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்பான்.

"ஜெபா, உனக்குக் கரி வைக்கவா?"

"கறி."

"அதான்பா, கரி."

"கரி உங்க வீட்டு அடுப்புல கெடக்கும். இது கறி. எனக்குப் பார வைக்காதடே."

பாரை வைப்பது என்றால் அவன் ஊரில் கூட இருந்தே குழி பறிப்பது. அதற்கும் எல்லாரும் சிரிப்பார்கள். கோழிக்கறிக்கு முன்னால் தினமும் இந்தக் கூத்து. நானும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் அவன் மாறிவிட்டான். எங்களைப்போலவே பேச ஆரம்பித்தான். உருட்டல் போய்விட்டது. சேகர் கிண்டலை நிறுத்தினான். நல்லதுதான், பையன் நம்மோடு ஒட்டிக்கொண்டான் என்று நான் நினைத்தேன்.

சம்பவம் ஜாலான் புசாரில், ஹார்டுவேர் கடைகளுக்கும் ஒரு சின்ன ஹோட்டலுக்கும் பின்னால் இருக்கும் சந்தில் நடந்தது. காலை பதினோரு மணி. முந்திய நாள் நல்ல மழை. பழைய கேபிள் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு சோதனைக் குழி வெட்டிக்கொண்டிருந்தோம். கருவி வைத்துத் தேடித் தரையில் பெயிண்ட் கோடு போட்டிருந்தார்கள். கோடு குழியிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தது. வரைபடமும் அப்படித்தான் சொன்னது. கேபிள் பக்கத்தில் இருக்கிறது, காலுக்குக் கீழே இல்லை என்று நம்பினோம்.

ஜெபராஜ் குழிக்குள் நின்றான். நெஞ்சு ஆழம். காலடியில் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர். பாரை மேலே, குழியின் வாயோரம் கிடந்தது. அதை அங்கே போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. தள்ளி வைத்திருக்க வேண்டியவன் நான்.

அந்த நேரம் பார்த்து ஹோட்டல் மேனேஜரம்மா வந்தார். சலவைத் துணி வண்டி உள்ளே வர வழியில்லை, விருந்தாளிகளுக்குப் போர்வை இல்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டார். குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஜெபராஜின் குரல்.

"அண்ணே, கீழ பாறை கெடக்கு."

உருட்டல் இல்லை. என் காதில் விழுந்தது: கீழே பாரை கிடக்கிறது. யாரோ பாரையைக் குழிக்குள் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அது அங்கே இருக்கக் கூடாது. திரும்பாமலே சொன்னேன்.

"எடுத்துடு."

அவன் காதில் விழுந்தது: பாறையை எடுத்துவிடு.

இரண்டு பேரும் தெளிவாகத்தான் பேசினோம். இரண்டு பேர் காதும் நன்றாகத்தான் கேட்டது.

பாறையை எடுக்க வேண்டுமென்றால் கையால் முடியாது. அவன் கையை நீட்டி மேலே கிடந்த பாரையை எடுத்திருக்கிறான்.

டங் என்று ஒரு சத்தம். கல்லில் இரும்பு படும் சத்தம் நாள் முழுக்கக் கேட்பதுதான், நான் திரும்பவில்லை. இரண்டாவது டங். அப்போதுதான், பாரை கீழே கிடந்தால் மேலே எடுப்பதற்கு எதற்குச் சத்தம் என்று உறைத்தது. திரும்பினேன். மூன்றாவது குத்து இறங்கிவிட்டது. அதில் டங் இல்லை. பொத்தென்று ஒரு அடைத்த சத்தம்.

"நில்லு" என்று கத்தினேன்.

நின்றான். பாரையைப் பிடித்தபடியே நின்றான். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, மெத்துன்னு எறங்குது."

குழிக்குள் பார்த்தேன். உடைந்த துண்டு ஒன்று தண்ணீரில் இருந்து எட்டிப் பார்த்தது. சாம்பல் நிறம், இரண்டு விரல் கனம், ஒரு பக்கம் அளவுகோல் வைத்து வெட்டினாற்போல நேராக இருந்தது. பாறைக்கு நேர் விளிம்பு கிடையாது. அது கேபிளுக்கு மேல் மூடி வைக்கும் சிமெண்ட் பலகை. கோடும் வரைபடமும் பொய். கேபிள் அவன் காலுக்குக் கீழேதான் இருந்தது. இருபத்திரண்டாயிரம் வோல்ட்.

பாரை சாய்வாகக் குத்தி நின்றது. அதன் பாரம் முழுவதும் அவன் கையில். முனை கேபிளின் மேல்தோலுக்குள் போயிருந்தது. எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். இன்னும் வெடிக்கவில்லை. அசைந்தால் வெடிக்கலாம்.

ஹோட்டல் அம்மா என்ன ஆனது என்று கேட்டார். கையைக் காட்டி அவரைத் தள்ளிப் போகச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மறு பேச்சில்லாமல் ஓடினார்.

மின்சார நிறுவனத்துக்குப் போன் செய்தேன். தொடாதீர்கள், எல்லாரும் விலகிப் போங்கள், எந்தப் பக்கத்தில் இருந்து மின்சாரம் வருகிறது என்று பார்த்து அணைக்க நேரமாகும் என்றார்கள். ஒருவன் கை அதன் மேல் இருக்கிறது என்றேன். அப்படியானால் விட்டுவிட்டு ஏறி வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

விட்டால் பாரை சாயும். சாய்ந்தால் முனை உள்ளே திருகும். அவன் தண்ணீரில் நிற்கிறான். பிடித்துக்கொண்டே இருந்தாலும் எத்தனை நேரம் கை ஆடாமல் இருக்கும்? பிடிக்கச் சொல்வதா, விடச் சொல்வதா? இரண்டில் எது சொன்னாலும் சொல்வது நான், சாவது அவன்.

முதலில் பாரையைக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். இதுதான் சரி என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பின்னால் விசாரித்தவர்களில் ஒருவர் சரி என்றார், ஒருவர் தப்பு என்றார். எனக்கு இன்றும் தெரியாது.

சேகர் லாரியில் இருந்து கயிறு எடுத்து வந்தான். மழையில் ஊறிய கயிறு. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் முன்பக்கம் சுற்றி ஓடி ஒரு ஹார்டுவேர் கடையில் இருந்து புது நைலான் கயிறு கொண்டு வந்தான். கடைக்காரச் சீனர் ஏன், எதற்கு என்று கேட்காமல் வெட்டிக் கொடுத்தாராம். குழிக்குக் குறுக்கே காய்ந்த பலகை இரண்டு போட்டோம். சேகரைச் சந்து முனைக்குப் போகச் சொன்னேன். போக மாட்டேன் என்றான். உனக்கும் பிள்ளை இருக்கு, போ லா என்றேன். போனான்.

பலகைமேல் குப்புறப் படுத்தேன். பாரையின் தலை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இரும்பில் விரல் படாமல் இறுக்கி, இரண்டு பலகையிலும் கட்டினேன். கட்டி முடிக்கிற வரைக்கும் ஜெபராஜ் மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவன் மனைவி பெயர் எனக்குத் தெரியுமா என்று யோசித்தேன். தெரியவில்லை. போன் செய்து சொல்ல வேண்டி வந்தால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தோன்றியது. அந்த நினைப்பைத் தள்ளினேன்.

முடிச்சு நின்றது. இனி விடு என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

காலையில் இருந்து அந்தச் சந்தில் விடு என்றால் என்ன? தாரை உடைக்கும்போது சேகர் சொன்னது: "ஓங்கி ஒண்ணு விடு." "இன்னொண்ணு விடு." விடு என்றால் குத்து. என் ஒரு சொல் அவனை அங்கே நிறுத்தியிருந்தது. இன்னொரு சொல்லை அவனிடம் அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. நாற்பது வருடமாகப் பேசும் பாஷை, ஒரு சொல்கூட நம்பும்படி இல்லை.

என் இரண்டு கையையும் அவன் பார்க்க நீட்டினேன். முஷ்டியை மூடினேன். மெதுவாக விரித்தேன். அவன் பார்த்தான். புரிந்தது. ஆனால் அவன் விரல் விரியவில்லை.

"அண்ணே, கை கேக்க மாட்டேங்கு."

பயத்தில் விரல் பூட்டிக்கொண்டது. அவனைத் தொட்டு விரிக்க என்னால் முடியாது. இழுக்கவும் முடியாது. அவன் கண் பாரையின் முனை போன இடத்திலேயே நின்றது. அதைப் பிரிக்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டேன்.

"ஜெபா, என்னப் பாரு. உன் கையில இருக்கறதுக்கு உங்க ஊருல என்ன பேரு?"

"பாரை."

"நீ கீழ கெடக்குன்னு சொன்னியே, அது?"

"பாரை."

"எங்களுக்குச் சொல்ற மாதிரி வேணாம். உங்க வீட்டுல சொல்ற மாதிரி சொல்லு."

அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"பாறை."

மூன்று மாதமாக நாங்கள் சிரித்துச் சிரித்துத் தேய்த்து எடுத்த அந்த ற, முழுசாக வந்து விழுந்தது. இரண்டு சொல்லும் இரண்டு பக்கம் நின்றன. குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

"இன்னொரு தடவை. இரும்பு?"

"பாரை."

"கல்லு?"

"பாறை."

சுண்டு விரல் விரிந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். இரும்பு, கல்லு என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். விரல் ஒவ்வொன்றாகக் கழன்றது. கடைசிக் கட்டை விரல் போனதும் பாரை ஒரு நூல் அசைந்தது. கயிறு பிடித்துக்கொண்டது.

மர ஏணியை எதிர்ப் பக்கம் இறக்கினேன். காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்தான். நான்கு படி. மேலே வந்ததும் சந்து முனைக்கு நடந்தோம். ஓடவில்லை.

இருபது நிமிடம் கழித்து மின்சாரத்தை அணைத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆட்கள் வந்து சோதித்துப் பார்த்து, பாரையை உருவி எடுத்து முனையைக் காட்டினார்கள். கருப்பாகத் தார் ஒட்டியிருந்தது. உள்ளே இன்னும் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கேட்டேன். சோற்றுப் பருக்கை கனம் என்று விரலில் காட்டினார் ஒருவர்.

ஜெபராஜ் கடை வாசலில் ஐந்தடிப் பாதை என்கிற நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். கை இன்னும் எதையோ பிடித்த மாதிரியே வளைந்திருந்தது. என்னிடம் கேட்டான்.

"அண்ணே, நீங்க எடுத்துடுன்னு சொன்னீங்கதானே?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தான் கேட்டது சரிதானா என்று தெரிய வேண்டும் அவனுக்கு. இங்கே வேலை செய்ய அவனுக்குள்ள பெர்மிட் அந்தப் பதிலில் இருந்தது. குழிக்குள் வந்த பயம் வேறு, இது வேறு. இதுவும் பயம்தான்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அன்று மாலை அலுவலகத்தில் எங்கள் கம்பெனி மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொழிலாளி கேட்காமல் பாரையை எடுத்தான் என்று எழுதினால் விஷயம் முடிந்துவிடும், அவனை ஊருக்கு அனுப்பிவிடலாம், உனக்கு ஒன்றும் வராது என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அவன் கேட்டான், நான் சொன்னேன் என்றேன்.

விசாரிக்க வந்தவர் இளம் வயதுச் சீனர். இரும்பும் கல்லும் எப்படி ஒரே மாதிரி கேட்கும் என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு தாளில் இரண்டையும் எழுதிக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். நடு எழுத்து வேறாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். எழுத்தில் வேறு, வாயில் ஒன்று என்றேன். சரியாகச் சொல்லத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான், அவனைக் கிண்டல் செய்து நாங்கள் மாற்றிவிட்டோம் என்றும் சொன்னேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

ஜெபராஜ் தங்கினான். என்னை ஆறு மாதம் சூப்பர்வைசர் வேலையில் இருந்து இறக்கினார்கள். பழையபடி சங்கூல் பிடித்தேன். சரியான தண்டனை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். அகராதியைத் திறந்து காட்டினார். பாரை, சின்ன ர. ரொம்பப் பழைய சொல்லாம். மலையாளத்தில் பார, கன்னடத்தில் ஹாரெ. பாறையை உடைப்பதால்தான் அந்தப் பெயர் என்று நினைத்துப் பலரும் கடப்பாறை என்று பெரிய ற போட்டு எழுதுகிறார்கள், இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார். அப்படியானால் முன்னால் நிற்கும் கட என்ன என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எனக்குத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்தது. யாழ்ப்பாணத்தார் இதையே அலவாங்கு என்பார்கள், போர்த்துக்கீசியரிடம் இருந்து வந்தது, மலாய்க்காரர் அலபங்கா என்பதும் அதே சொல்தான் என்றும் சொன்னார்.

அலபங்கா. அதை வேறு எதுவாகவும் கேட்க முடியாது. கேங்கில் சொன்னேன். சேகருக்குப் பிடிக்கவில்லை.

"தமிழன் கையில இருக்கறதுக்குத் தமிழ்ப் பேரு வேணாமா அண்ணே?"

"முதல்ல கை இருக்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் குழிகளில் இரும்புக்கு அலபங்கா, பாறைக்குக் கல்லு. ஆசிரியரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. நல்ல சொல்லை இழந்துவிட்டோம் என்றார். ஆமாம் என்றேன்.

இறக்கப்பட்ட ஆறு மாதத்தில் ஒரு நாள். புக்கிட் பாத்தோக்கில், என் வீட்டில் இருந்து மூன்று புளோக் தள்ளி ஒரு சோதனைக் குழி. நான் உள்ளே. மேலே காவல் நிற்பவன் ஜெபராஜ், அதற்கான வகுப்பு முடித்திருந்தான். இடுப்பளவு வெட்டியாயிற்று. சங்கூல் எதிலோ தட்டியது. கெட்டி.

இத்தனை வருடத்தில் நான் குழிக்குள் அசையாமல் நின்றது அன்றுதான்.

"என்ன அண்ணே?"

"கல்லு."

"கல்லா, இரும்பா?"

"கல்லு."

"நேர் விளிம்பு இருக்கா?"

குனிந்து பார்த்தேன். சேறு. எதுவும் தெரியவில்லை. இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சாப்பாட்டு நேரம். கீழே கேபிள் இல்லை என்று வரைபடம் சொன்னது. இல்லை என்று சொன்னால் வேலை முடியும்.

"தெரியல" என்றேன்.

"அப்பம் ஏறி வாங்க."

ஏறி வந்தேன். அவன் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு மறுபடி தேடச் சொல்லி, தண்ணீரை இறைத்து, கையால் சேற்றை வழித்துப் பார்த்தான். கீழே இருந்தது வெறும் கல். அரை மணி நேரம் வீண்.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் உங்களுக்கு இதை எழுதினேன்.